கிளாஸ்கோவும் எங்கள் மைதானமும்
மதப் பாடசாலை விவாதம் பற்றி வன்னியிலிருந்து ஒரு விமர்சனக் குறிப்பு

"மதத்தின் பேரில பாடசாலை இருக்கிற மட்டும் இந்த நாட்டில சண்டை தீராது. கிளாஸ்கோவப் பாருங்க, உதைபந்தாட்டத்தையே மதச் சண்டையாக்கி வச்சிருக்கிறாங்க." வவுனியாவில் நடந்த ஒரு கல்விக் கூட்டத்தில் ஒருவர் இப்படிச் சொன்னார். முன்வரிசையில் பலர் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இருந்த எங்கள் ஆட்கள், "மத்ரஸாவில கை வைக்கிறதுக்கு இது ஒரு சாட்டு" என்று முணுமுணுத்தார்கள். கூட்டம் அதோடு வேறு விடயத்துக்குப் போய்விட்டது.

எனக்கு அந்தக் கிளாஸ்கோ மனதை விட்டுப் போகவில்லை. தலையாட்டியவர்களும் முணுமுணுத்தவர்களும் அந்த நகரத்தின் கதையைப் பாதியில் நிறுத்தி விட்டார்கள் என்றே நினைக்கிறேன். முழுக்கப் படித்தால் அது இரு தரப்புக்கும் வசதியான கதையாக இருக்காது.

முதலில் கதை. ஸ்கொட்லாந்தில் 1872இல் பொதுக் கல்விச் சட்டம் வந்தது. பாடசாலைகள் தெரிவு செய்யப்பட்ட சபைகளின் கைக்குப் போயின. அந்தப் பாடசாலைகளின் சூழல் புரட்டஸ்தாந்துச் சூழல். அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்திருந்த கத்தோலிக்கர்கள் தங்கள் பிள்ளைகளின் ஈமான் போய்விடும் என்று பயந்தார்கள். (அவர்களுடைய சொல் வேறு, பயம் நமக்குத் தெரிந்த பயம்தான்.) ஆகவே ஏழைகளின் காசில் தனிப் பாடசாலை நடத்தினார்கள். அப்படியான ஒரு பாடசாலையின் அதிபராக இருந்த வோல்ஃபிரிட் என்ற துறவிதான், 1887இல் செல்டிக் கழகத்தைத் தொடங்குவதில் முன்னின்றவர். நோக்கம், கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடக் காசு சேர்ப்பது. புரட்டஸ்தாந்துச் சபைகளின் கஞ்சித் தொட்டிக்குப் போனால் பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்கள் என்ற பயமும் அதில் இருந்தது.

ஆக, செல்டிக் ஒரு மதப் பாடசாலையின் சாப்பாட்டு மேசையிலிருந்து பிறந்த கழகம். எதிர்த் தரப்பான ரேஞ்சர்ஸ் 1872இல் சில இளைஞர்கள் விளையாட்டுக்காகத் தொடங்கியது. தொடக்கத்தில் அதற்கு மத நோக்கம் எதுவும் இல்லை. கூட்டத்தில் பேசியவரின் வாதம் சரியென்றால், மதப் பாடசாலை பெற்றெடுத்த கழகம்தான் கதவைப் பூட்டி வைத்திருக்க வேண்டும். நடந்தது மறுதலை. செல்டிக் புரட்டஸ்தாந்து வீரர்களைச் சேர்த்துக்கொண்டே வந்தது. 1967இல் லிஸ்பனில் ஐரோப்பியக் கிண்ணத்தை அதற்கு வென்று கொடுத்த பயிற்றுநர் ஜொக் ஸ்டீன் ஒரு புரட்டஸ்தாந்து. ரேஞ்சர்ஸோ இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் கத்தோலிக்க வீரர்களைத் தவிர்த்து வந்தது. 1989இல் மோ ஜோன்ஸ்டனை ஒப்பந்தம் செய்தபோது சொந்த இரசிகர்களே கழுத்துத் துணியை எரித்தார்கள்.

இடையில் என்ன நடந்தது? கப்பல் கட்டும் துறையிலும் இரும்புப் பட்டறைகளிலும் வேலைக்குப் போட்டி வந்தது. வேலை கேட்டுப் போனவனிடம் "எந்தப் பாடசாலையில படிச்சாய்?" என்று கேட்பார்கள். பதிலில் மதம் தெரிந்துவிடும். அந்த வழக்கத்தை வைத்துத்தான் பாடசாலைதான் பகைக்குக் காரணம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். ஆனால் அங்கே பாடசாலையின் பெயர் ஓர் அடையாள அட்டையாகத்தான் பயன்பட்டது. அட்டையைக் கிழித்திருந்தால் பேரைக் கேட்டிருப்பார்கள். 1923இல் ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் பொதுச் சபைக்கே ஓர் அறிக்கை வந்தது. ஐரிஷ் இனம் ஸ்கொட்டிஷ் தேசியத்துக்கு ஆபத்து என்பது அதன் சாரம். 2002இல்தான் திருச்சபை அதற்கு வருத்தம் தெரிவித்தது. இன்னோர் இனம் பெருகுது, பிடிக்குது, விழுங்குது என்ற அந்தப் பாட்டை இலங்கையில் நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை.

இந்த விவாதம் அங்கே மீண்டும் சூடு பிடித்தது 1999இல். கத்தோலிக்கரான இசையமைப்பாளர் ஜேம்ஸ் மக்மில்லன் எடின்பரோ விழாவில், கத்தோலிக்கருக்கு எதிரான காழ்ப்பு ஸ்கொட்லாந்தின் அவமானம் என்று பேசினார். வரலாற்றாசிரியர் ரொம் டிவைன் அந்த உரையையும் அதற்கு வந்த மறுமொழிகளையும் அடுத்த ஆண்டே நூலாகத் தொகுத்தார். நூலின் தலைப்பில் அவர் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்தார். 'அவமானம்' என்று ஒருவர் சொன்னதை 'அவமானமா?' என்று திருப்பிக் கேட்டு, ஆம் என்றவர்களையும் இல்லை என்றவர்களையும் ஒரே அட்டைக்குள் இருத்தினார். நமது ஆய்வரங்குகளில் நான் தேடிக் கிடைக்காத ஒன்று அது. பிறகு ஸ்கொட்லாந்து அரசாங்கம் மதவாதப் பிளவு பற்றி ஆராய ஒரு சுயாதீன ஆலோசனைக் குழுவை அமைத்தது. கத்தோலிக்கப் பாடசாலைகள் இப்பிளவுக்குப் பொறுப்பல்ல, அவற்றை மூடினால் பிளவு தீர்ந்துவிடப் போவதுமில்லை என்பது அக்குழுவின் முடிவு. மைதானத்தில் கோஷம் போடுவதைத் தண்டிக்க 2012இல் கொண்டு வந்த சட்டமும் நிலைக்கவில்லை; 2018இல் நீக்கினார்கள்.

இதைச் சொன்னால் எங்கள் பின்வரிசை நண்பர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். கதையில் 1918 என்று ஓர் ஆண்டு இருக்கிறது. அவ்வாண்டுச் சட்டத்தின்படி கத்தோலிக்கர்கள் தங்கள் பாடசாலைகளை அரச அமைப்புக்குள் கொண்டு வந்தார்கள். அரசு செலவை ஏற்றது. ஆசிரியர் நியமனத்தில் திருச்சபையின் ஒப்புதலும் சமய போதனையும் காக்கப்பட்டன. பதிலுக்குப் பாடசாலையின் நிர்வாகம் அரச கல்வி அமைப்பின் கைக்குப் போனது. இன்று கிளாஸ்கோவின் சில கத்தோலிக்கப் பாடசாலைகளில் முஸ்லிம் பிள்ளைகள் பெருந்தொகையாகப் படிக்கிறார்கள். அந்தப் பாடசாலைகள் தப்பிப் பிழைத்தது கதவைத் திறந்து வைத்ததால்.

நமது கதையும் அதே பயத்தில்தான் தொடங்குகிறது. மிஷனரிப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்ப முஸ்லிம்கள் தயங்கிய காலத்தில், 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்தி லெப்பை, 1892இல் கொழும்பில் மார்க்கத்தையும் நவீன கல்வியையும் சேர்த்துக் கற்பிக்கும் பாடசாலைக்கு வழி செய்தார். அதுதான் பின்னர் சாஹிராக் கல்லூரியாயிற்று. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கைக்குக் கொண்டு வந்தன. ஆனாலும் பெயரும் இயல்பும் போகவில்லை. வவுனியா நகரில் சைவப்பிரகாச மகளிர் கல்லூரியும் இருக்கிறது, முஸ்லிம் மகா வித்தியாலயமும் இருக்கிறது. இரண்டுக்கும் சம்பளம் போடுவது ஒரே அரசாங்கம். நோன்பு விடுமுறை மட்டும் எங்களுக்கு வேறு.

பெயர் இருப்பதே குற்றமென்றால் நம் நாட்டுக் கிரிக்கெட்டைப் பாருங்கள். சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் 1899இல் தொடங்கியவை. மூர்ஸ் கழகம் 1908இல். மூன்றும் இனப் பெயரோடு இன்றும் ஆடுகின்றன. ரங்கன ஹேரத் மூர்ஸுக்கும் ஆடினார், பிறகு தமிழ் யூனியனுக்கும் ஆடினார். யாரும் எதையும் எரிக்கவில்லை.

இனி வன்னிக்கு வருகிறேன். இதில் என் சொந்தக் கதையைத் தவிர்க்க முடியாது.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தின் நீராவிப்பிட்டியில் பிறந்தவன். பின்னேரம் அஸருக்குப் பிறகு பந்தடிப்போம். தமிழ்ப் பொடியன்களும் நாங்களும் கலந்துதான் ரீம் பிரிப்போம். ஓடக்கூடியவன் இரண்டு பேர் தலைவனாக நிண்டு ஒவ்வொருத்தனாக் கூப்பிடுவான். படிப்பு வேறு வேறு பாடசாலையில், பந்து ஒன்றாக. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். எங்களை வெளியேற்றியது துப்பாக்கி. பாடசாலை பிரிந்திருந்ததும் அதற்குக் காரணமல்ல, பந்து சேர்ந்திருந்ததும் அதைத் தடுக்கவில்லை. கூட விளையாடியவர்கள் படலையடியில் அழுதுகொண்டு நின்றார்கள். அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது.

புத்தளத்துக்குப் போனோம். அந்த மக்கள் எங்களுக்குச் சோறும் நிலமும் தந்தவர்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் நான் படித்த பாடசாலையில் வகுப்பு முழுக்க முஸ்லிம் பிள்ளைகள், ஒரே கலிமா, ஒரே மொழி. அப்படியிருந்தும் மைதானத்தில் இரண்டு ரீம்: ஊர்க்காரன், அகதி. ஒரு மட்ச்சில் நான் கோல் போட்டபோது கரையிலிருந்து ஒருத்தன் கத்தினான்: "அகதிக்கு நிவாரணம் குடுங்கடா!" எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ரீமிலேயே இரண்டு பேர் சிரித்தார்கள். கிணறும் வேலையும் பல்கலைக்கழக இடமும் ஒரு மாவட்டத்துக்குள் இரண்டு கூட்டத்துக்குப் போதாமல் போனபோது, ஒரே மதம் எங்களை ஒன்றாக வைத்திருக்கவில்லை. ஒரே பாடசாலையில் இருத்தினால் பகை தீரும் என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

எனவே, 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு வந்த யோசனைகளை நான் ஏற்கவில்லை. 2020 பெப்ரவரியில் தேசிய பாதுகாப்புக்கான நாடாளுமன்றத் துறைசார் மேற்பார்வைக் குழு, மத்ரஸா மாணவர்களை மூன்று ஆண்டுகளுக்குள் சாதாரண பாடசாலை அமைப்புக்குள் உள்வாங்க வேண்டும் என்றது. 2021 மார்ச்சில் அமைச்சர் சரத் வீரசேகர ஆயிரத்துக்கும் மேற்பட்ட மத்ரஸாக்களை மூடப் போவதாகச் சொன்னார். தாக்குதல்காரர்களின் தலைவன் மத்ரஸாவில் படித்தவன்தான். அவனை அந்த மத்ரஸாவே வெளியேற்றியது. இன்னொருவன் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் படித்தவன். நோயின் இடத்தைத் தவறாகச் சொல்லும் வைத்தியம் அது.

ஆனால் வைத்தியம் பிழை என்பதால் நமக்கு நோய் இல்லை என்றாகிவிடாது. 2004இல் காத்தான்குடியிலும் 2009 ஜூலையில் பேருவளையிலும் முஸ்லிம்கள் முஸ்லிம்களைத் தாக்கினார்கள். தரீக்கா, தவ்ஹீத் என்று பிரிந்து பள்ளிவாசலையே உடைத்தோம். நமது மத்ரஸாக்களில் மற்ற ஜமாஅத்தைப் பற்றி என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்று பெற்றோர் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? பாடத்திட்டத்தை வெளியே வை என்றால் ஏன் கோபம் வருகிறது? 1918இல் கத்தோலிக்கர்கள் செய்த உடன்பாட்டை நாம் படிக்க வேண்டியது இந்த இடத்தில். மூட விடாமல் தடுக்க வேண்டுமென்றால், பார்க்க விட வேண்டும். சிறு வயதில் அரபுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்குக் கணிதமும் சிங்களமும் கிடைக்கிறதா என்பதை அரசாங்கம் கேட்பதற்கு முன் நாம் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு விடயம், எனக்கு இதுதான் பெரியது. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது வாப்பாவின் காணி காடாகிக் கிடந்தது. உறுதியும் கையில் இல்லை. பிரதேச செயலகத்தில் எல்லையைக் கேட்டார்கள். எங்களுக்குச் சாட்சி சொன்னது, அந்தக் காலத்தில் எங்கள் ரீமுக்குக் கோலில் நிற்கும் ஒரு தமிழ் நண்பன். 2009இல் முள்ளிவாய்க்காலில் அவன் தன் குடும்பத்தில் இரண்டு பேரை இழந்திருந்தான். காட்டுக்குள் எங்களோடு நடந்து வந்து, "இதில ஒரு பாலை நிண்டது. பந்து இதுக்கு அங்கால போனா உங்கட வாப்பா ஏசுவார்" என்று காலால் தட்டிக் காட்டினான். வெட்டிப் பார்த்தோம், அடிக்கட்டை இருந்தது. அலுவலர் எழுதிக் கொண்டார்.

அந்தப் பந்து 1990ஐத் தடுக்கவில்லை என்று மேலே எழுதினேன். ஆனால் இருபது வருடத்துக்குப் பிறகு எங்களுக்கு ஒரு சாட்சியைத் தந்தது அதுதான்.

இப்போது என் மகன் முஸ்லிம் பாடசாலையில் படிக்கிறான். நல்ல பாடசாலை, மூடச் சொன்னால் வாசலில் போய் நிற்பேன். அவனும் பந்தடிக்கிறான். ஆனால் தமிழ்ப் பொடியன்களை அவன் சந்திப்பது வலயப் போட்டியில், எதிரணியாக மட்டும். அவர்கள் பாடசாலையின் பெயரைச் சொல்லுவான். ஒருத்தனுடைய பெயரும் தெரியாது. நாங்கள் ஏன் 1990இல் போனோம் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 2009இல் அவர்களுக்கு என்ன நடந்தது என்பது இவனுக்குத் தெரியாது. தனிப் பாடசாலை பகையை வளர்க்கிறது என்று நான் நம்பவில்லை. ஆளையாள் தெரியாதவர்களை வளர்க்கிறது என்பதை மறுக்க என்னால் முடியவில்லை.

வலயப் போட்டி பாடசாலைப் பெயரிலேயே நடக்கட்டும். அதற்குப் பிறகு ஒரு வாரம், ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் எல்லாப் பாடசாலைப் பிள்ளைகளையும் கலந்து ரீம் பிரித்து ஆட விடலாம். இதற்குச் சட்டம் வேண்டாம், ஆணைக்குழு வேண்டாம். இரண்டு அதிபரும் இரண்டு விளையாட்டு ஆசிரியரும் போதும். ஜும்ஆ நேரத்தையும் கோயில் திருவிழாவையும் பார்த்து நாள் குறித்தால் சரி. இதை அடுத்த கூட்டத்தில் நான் முன்வரிசையிடமும் பின்வரிசையிடமும் சொல்லப் போகிறேன். என் மகனின் காணிக்கு நாளைக்கு எல்லை காட்ட ஒருத்தன் வேண்டும். அவனுக்கும் இவன் வேண்டும்.