நாற்பதோடு நின்ற உலா

பெண்ணின் பருவங்கள் ஏழு எனப் பாட்டியல் நூலார் வகுத்தனர். 5 வயது முதல் 7 வரை பேதை; 11 வரை பெதும்பை; 13 வரை மங்கை; 19 வரை மடந்தை; 25 வரை அரிவை; 31 வரை தெரிவை; 40 வரை பேரிளம்பெண். உலாப் பிரபந்தம் இயற்றிய புலவர் பெருமக்கள் இவ்வரிசையையே கைக்கொண்டனர். தலைவன் வீதியிற் பவனி வருவான், எழுவகைப் பருவத்தாரும் மாடத்திலும் வாயிலிலும் நின்று அவனைக் காண்பர், கண்டு மயங்குவர், பேரிளம்பெண்ணின் மயக்கத்தோடு நூல் முற்றுப்பெறும். நாற்பத்தோராம் வயதினள் அவ்வீதியில் இல்லை. அவள் அடுக்களையில் இருந்தாளோ, பவனி காண வந்தும் புலவர் கண்ணிற் படாது போயினாளோ, பாடியவர் எவரும் சொல்லவில்லை.

பேதைப் பருவத்தாள் காமம் அறியாதவள் என்பதை அப்புலவர்களே ஒப்புக்கொள்ளுகின்றனர். ஆயினும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அவ்வீதியில் ஓர் இடம் உண்டு. நாற்பத்தைந்து வயதுடையாளுக்கு இல்லை. ஆடவர்க்கு எல்லை யாதெனின், 48 வயது வரையில் ஒருவனை உலாத் தலைவனாக்கிப் பாடலாம் என்று பன்னிரு பாட்டியல் விதி வகுக்கின்றது. பார்த்து நிற்பவளைக் காட்டிலும் பவனி வருபவனுக்கு எட்டாண்டுச் சலுகை! இவையெல்லாம் செய்யுள் மரபு, வாழ்க்கைக்கும் இவற்றுக்கும் யாது சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். செய்யுளில் மரபாக வந்த அவ்வெல்லை நமது இல்லங்களிலும் எழுத்துக்களிலும் இன்றளவும் சட்டமாக நிற்கின்றது என்பதே நமது அபிப்பிராயம்.

பேரிளம்பெண் என்னும் பெயரைப் பற்றி நமக்குக் குறையில்லை. நாற்பதை எட்டியவளையும் இளமை என்னும் சொல்லை விடாது சேர்த்தன்றோ அழைத்தனர்! அதற்கு அடுத்த பெயர் இல்லாமையே குறை. அதன் பின்னர் அவளுக்கு வந்து சேரும் பெயர் கிழவி என்பது. இச்சொல்லின் சரித்திரம் வேடிக்கையானது. தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி, கிழவி என்னும் சொற்கள் காதற்கு உரிய தலைவனையும் தலைவியையும் குறிப்பன. கிழமை என்றால் உரிமை. காதலில் உரிமையுடையாள் என்று பொருள்பட்ட சொல்லே, அவ்வுரிமை யாவும் தீர்ந்துபோனவள் என்னும் பொருளில் இன்று வசையாக வழங்குகின்றது.

சங்கச் செய்யுட்களில் நிலைமை சற்று மேல் என்று தமிழ்ப் பெருமை பேசுவோர் கூறுவர். ஓரளவு உண்மையே. எனினும் பரணர் பாடிய அகநானூற்று ஆறாம் செய்யுளைப் பாருங்கள். பரத்தையோடு புனலாடிவிட்டு வீடு திரும்பிய கணவன், மனைவியிடம் இன்சொற்கள் பல பேசுகின்றான். அவளோ, இந்தப் பொய்ம்மொழிகளால் என் முதுமையை எள்ளாதே என்கின்றாள். மகனைப் பெற்ற தாய் என்பதைத் தவிர அவள் முதியவள் என்பதற்கு வேறு சான்று செய்யுளில் இல்லை. தாயானவுடன் தன்னை முதியவளாக எண்ணிக்கொள்ளும் பழக்கம் அத்துணைப் பழமையானது. அவன் வாயை அடைக்க அவள் எடுத்த ஆயுதமாக அச்சொல்லைக் கொள்ளினும், அவ்வாயுதம் அவள் நெஞ்சையும் அறுத்தே வெளிவருகின்றது.

பிற்காலத்திற் காரைக்கால் அம்மையார் வரலாறு இன்னும் கூர்மையானது. மூவருலாப் பாடிய ஒட்டக்கூத்தரும் பெரியபுராணம் செய்த சேக்கிழாரும் 12-ஆம் நூற்றாண்டினர். ஒரே சோழ அரசின் நிழலில் வாழ்ந்தவர்கள். புனிதவதியாரின் கணவன் அவரைத் தெய்வமென்று அஞ்சி நீங்கிப் பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பெற்ற மகவோடு வந்து அவர் காலில் விழுகின்றான். அப்பொழுது அம்மையார், இவனுக்காகத் தாங்கிவந்த அழகுடைய இத்தசைப் பொதியை நீக்கியருள்க என்று இறைவனை வேண்டிப் பேய்வடிவம் பெறுகின்றார். அவருடைய பக்தியைப் பற்றி நாம் இங்கு வாதிட வரவில்லை. அவ்வேண்டுகோளுக்குச் சேக்கிழார் காட்டும் காரணமே நமக்கு முக்கியம். வனப்பு என்பது கணவன் பொருட்டுத் தாங்கப்படும் சுமை. அவன் வேண்டாவிடில் இறக்கி வைத்துவிட வேண்டியது. ஒட்டக்கூத்தர் நாற்பதில் வேலியிட்டார். சேக்கிழார் அவ்வேலிக்குள்ளேயும் அழகு எவனுடைய உடைமை என்று சொல்லிவிட்டார். நமது பெண்மக்கள் இன்றும் சுமந்து திரிவது இவ்விரண்டு கருத்துக்களையுமே.

நிற்க. தற்கால இலக்கியம் இவ்வேலியைப் பிடுங்கியதா?

பாரதிதாசனாரின் குடும்ப விளக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் முதற் பகுதி 1942-இலும், முதியோர் காதல் என்னும் ஐந்தாம் பகுதி 1950-இலும் வெளிவந்தன. முதியோருக்கும் காதலுக்கும் முடிச்சுப் போட்டு ஒரு நூற்பகுதிக்குத் தலைப்பிட்டதே நெஞ்சுரமுள்ள செயல். மணவழகரும் தங்கமும் தளர்ந்த பருவத்தில் ஒருவரையொருவர் நேசிப்பதைக் கூச்சமின்றிப் பாடிய கவிஞர் அவருக்கு முன் அரியர். முதற் பகுதியில் தங்கம் வைகறையில் எழுந்து வீட்டுப் பணி செய்து மக்களைப் பேணும் இளந்தாய். மூன்றாம் பகுதி மகன் வேடப்பனின் திருமணம். நான்காம் பகுதி மருமகளின் மக்கட்பேறு. அப்பகுதிகளிலே தங்கத்துக்கு என்ன வயது? கணக்கிட்டுப் பார்த்தால் நாற்பதும் ஐம்பதுமாகவே இருத்தல் வேண்டும். அவ்வாண்டுகளில் அவள் மாமியாகவும் பாட்டியாகவும் நடமாடுகின்றாள், காதலியாக அல்லள். காதல் பாடும் உரிமை அப்பொழுது இளையோருக்கு மாறிவிடுகின்றது. பின்னர் உடல் வற்றி, கண்ணொளி மங்கி, ஆசைக்கு அச்சப்பட வேண்டாத வயது வந்த பிறகே அவளைக் காதலியாகக் கவிஞர் மீண்டும் அழைக்கின்றார். அவள் உயிரோடு இருக்கின்றாள் என்பதே கிழவனுக்குப் போதிய இன்பமாம். மனத்தை உருக்கும் இடம்தான். ஆனால் நாற்பத்தைந்து வயதுத் தங்கம் நல்ல சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு மணவழகர் எதிரில் வந்து நின்றிருந்தால் அவர் யாது சொல்லியிருப்பார் என்பதை அறிய நமக்கு ஆசையுண்டு. நூலில் அதற்கு இடமில்லை. புரட்சிக் கவிஞரே இவ்விடத்தில் பழைய உலாவின் கணக்கைத் திருத்தாமல் தாண்டிச் சென்றுவிட்டார்.

தாண்டிச் செல்லாதவர் தி. ஜானகிராமன். 1966-இல் வெளிவந்த அவருடைய அம்மா வந்தாள் நாவலின் நாயகி அலங்காரத்தம்மாள். பெயரே அலங்காரம்! வளர்ந்த மக்களும் மருமகளும் உள்ள வீட்டின் தலைவி. கணவன் இருக்கையிலேயே வேறொருவனோடு நெடுங்காலம் உறவுடையவள். இவ்வொழுக்கத்தை நாவலாசிரியர் போற்றவுமில்லை, தூற்றவுமில்லை. அவளுடைய கம்பீரத்தையும் நிமிர்ந்த நடையையும் அவர் எழுதியிருக்கும் முறையில் ஒரு மதிப்பு இருக்கின்றது. நாற்பதைக் கடந்தவள் அழகி, ஆசையுள்ளவள், ஆனாலும் கேலிக்குரியவள் அல்லள் என்று தமிழில் நிறுத்திக் காட்டியது இந்நாவல். அதற்காக அதனை நாம் எத்துணைப் பாராட்டினும் தகும்.

பாராட்டியபின் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உள. அவளை நாம் காண்பது பெரும்பாலும் யாருடைய கண்ணால்? மகன் அப்புவின் கண்ணால். ஆகவேதான் நூலின் பெயரிலும் அவள் அலங்காரம் அல்லள், அம்மா. மகனுக்குத் தாயின் ஆசை ஓர் அதிர்ச்சி. ஆசையுற்றவளுக்கு அது என்னவாக இருந்தது என்பதை அவள் வாயால் நாம் போதிய அளவு கேட்கவில்லை. இரண்டாவது, அவளுடைய முடிவு. மகனை வேதம் படிக்கவைத்து அவன் மூலம் தன் பாவத்தைக் கழுவிக்கொள்ள முயன்றவள், அது கைகூடாதபோது காசிக்குப் போகின்றாள். பேய்வடிவம் வேண்டிய அம்மையாருக்கும் காசிக்குப் புறப்பட்ட அலங்காரத்துக்கும் இடையில் பல நூற்றாண்டுகள் உள்ளன. சரீரத்தைக் கைவிடுதல் ஒன்றே இருவருக்கும் கிடைத்த வழி. பாட்டுடைத் தலைவர்களில் எத்தனை பேர் தம் காதலுக்காகக் காசிக்குப் போனார்கள்?

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. 2015-இல் வந்த 36 வயதினிலே என்னும் படத்தில், கணவனாலும் மகளாலும் இகழப்பட்ட ஓர் அரசாங்க ஊழியை மாடித் தோட்டக் காய்கறியாற் புகழ் பெறுகின்றாள். நல்ல நோக்கமுள்ள படம். ஆனால் அவளுக்கு மீட்டுத் தரப்படுவது மதிப்பேயன்றிக் காதல் அன்று. பாட்டியல் கணக்கின்படி அவளுக்கு இன்னும் நான்கு ஆண்டு மிச்சமிருந்தது!

இனிப் பத்திரிகைகளின் மகளிர் பகுதிகள். நாற்பது வயதுப் பெண்களுக்கு இவை போதிக்கும் நாகரிகத்தை ஊன்றிப் படித்தால் ஓர் இலக்கணக் குறிப்புக் கிடைக்கும். நாற்பதிலும் அழகு, நாற்பதிலும் இளமை, நாற்பதிலும் காதல் என்றே தலைப்பிடுகின்றனர். இந்த உம்மை யாது உம்மை? இழிவு சிறப்பும்மை. நாயும் தின்னாத சோறு என்பதில் வரும் அதே உம்மை. அழகுக்கு உரியதல்லாத இழிந்த வயது என்பதை முதலில் உடன்பட்டுக்கொண்டு, அவ்வயதிலுங்கூட முயன்றால் முடியும் என்று ஆறுதல் கூறுவதற்கு இது கருவி. இத்தகைய பகுதிகளுக்கு மங்கையர் என்று பெயரிடுவதும் உண்டு. மங்கையின் வயது 12, 13 என்பதை மேலே கண்டோம். நரையை மறை, சுருக்கத்தை நீக்கு, முப்பது போலத் தோன்று என்னும் உபதேசம் முழுவதும் ஒருத்தியின் வயதை அவளிடமிருந்தே ஒளிக்கும் வேலை.

மேனியைப் பேணுதல் வேண்டாம் என்பார் கட்சியில் நாம் இல்லை. பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது 45 முதல் 55 வயதுக்குள். அப்பொழுது தூக்கம் கெடும். உடலில் திடீரென அனல் பரவும். பின்னர் எலும்பின் உறுதி குறையத் தொடங்கும். இதை அறிந்து நடத்தலும், வேளைக்கு உண்ணலும், மருத்துவரிடம் நாணமின்றிப் பேசலும் ஆகிய இவையன்றோ மேனி பேணல்? கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் பூசுவதைப் பக்கம் பக்கமாக எழுதுவோர் இவற்றை ஒரு மூலையில் நாலு வரியில் முடிக்கின்றனர். முகம் பிறர் காண்பது. எலும்பு தானே சுமப்பது. பிறர் காண்பதைப் பேணச் சொல்லும்போது சேக்கிழார் சொன்ன அந்த ‘இவனுக்காக’ என்பது மறுபடி நுழைந்துவிடுகின்றது.

அச்சொல் நம்மிடையே எவ்வளவு வலிமையோடு வாழ்கின்றது என்பதற்கு ஏட்டைப் புரட்ட வேண்டா. தீபாவளிக்கு முன் சிராங்கூன் சாலையிலோ கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலோ ஒரு துணிக்கடையில் சற்று நேரம் நின்றால் போதும். நாற்பத்தைந்து வயதுப் பெண் சிவப்புச் சேலையில் கை வைப்பாள். உடன் வந்த மகளோ நாத்தனாரோ, “இந்த வயசில் இந்த நிறமா?” என்பார். கை பழுப்பு நிறத்துக்கு நகரும். கணவனை இழந்தவளாயின் அச்சிவப்பின் மீது கை வைக்கவும் அவள் அஞ்சுவாள். பூவும் பொட்டும் கணவனோடு வந்தவை அல்ல. தொட்டிற் குழந்தையாக இருந்த நாளிலேயே தாய் இட்டு அழகு பார்த்தவை என்று சீர்திருத்தக்காரர் பல்லாண்டாக மேடையிற் கூறிவருகின்றனர். மேடையில் கைதட்டியவர்களே கடையில் பழுப்புச் சேலையை எடுத்துக் கொடுக்கின்றனர். மணமுறிவுக்குப் பின், அல்லது கணவன் இறந்தபின், நாற்பதுகளில் ஒருத்தி மறுமணம் செய்ய விரும்பினால், வளர்ந்த பிள்ளைகளின் நாணத்தை முன்னிறுத்தியே அவளைத் தடுப்போரும் இவர்களே. அப்புவின் நாணத்துக்கு நாவலில் கிடைத்த முதலிடம் வீட்டிலும் அவனுக்கே கிடைக்கின்றது.

நமது நாட்டு எழுத்தாளர்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. தோட்டத்துப் பெண்ணைப் பற்றி எத்தனையோ கதைகள் இங்குப் பிறந்துள்ளன. விடியுமுன் எழுந்து, பால்மரம் சீவி, வாளி சுமந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த தாயை அவை மனமாரப் போற்றின. போற்றத் தக்கவளே அவள். ஆனால் சம்பளம் போட்ட நாளின் மாலையில், ரப்பர்ப் பால் வாடை போகத் தேய்த்துக் குளித்து, தலைவாரிப் பூச்சூடி, பெட்டியின் அடியில் வைத்திருந்த சேலையை உடுத்து, தோட்டத்துத் திடலில் கட்டிய வெள்ளைத் திரையில் படம் பார்க்கப் போனவளும் அவளேயன்றோ? அவளுக்கு அன்று நாற்பத்திரண்டு வயது இருக்கலாம். பாய் விரித்து உட்கார்ந்து, திரையில் நாயகன் பாடுகையில் அவள் எதை நினைத்தாள் என்று எழுதிய கதை ஒன்று இருக்குமாயின் அதனை நமக்கு அனுப்பி வையுங்கள்.