மைச்சாடியும் தேத்தண்ணிப் போத்தலும்

1824இல் லண்டன் தேம்ஸ் நதிக்கரையில், எலிகள் ஓடித்திரிந்த பழங்கட்டடம் ஒன்றில், பன்னிரண்டு வயதுப் பெடியன் ஒருவன் சப்பாத்து மைச்சாடிகளைத் தாளால் மூடி, நூலால் கட்டி, லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். தகப்பன் கடன் கட்ட முடியாமல் மார்ஷல்சீ சிறையில். அதற்கு முந்திய வருடம்தான் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரியைத் தொடங்கியிருந்தார்கள். லண்டன் பெடியன் பள்ளிக்கூடம் இல்லாமல் நின்ற நாளில் வட்டுக்கோட்டைப் பெடியன் கணிதமும் வானசாஸ்திரமும் படிக்கப் புறப்பட்டான். எந்த வட்டுக்கோட்டைப் பெடியன் என்ற கேள்வியை மட்டும் அப்போது அதிகம் பேர் கேட்கவில்லை.

அந்த லண்டன் பெடியனாக இருந்த சார்ள்ஸ் டிக்கன்ஸ் வட்டுக்கோட்டையைக் கண்டவரல்ல. ஆனாலும் அவருக்கும் ஊருக்கும் நடுவே ஒரே ஒரு ஆள்தான் நிற்கிறார். 1840களின் பிற்பகுதியில் இலங்கையின் காலனிச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குச் சமமாக வைக்கத்தக்கது என்று செமினரியைப் புகழ்ந்து எழுதினார். யாழ்ப்பாணத்துக் கல்விப் பெருமை பேசும்போதெல்லாம் இந்த நற்சான்று எடுத்துக் காட்டப்படும். அதே ரெனன்ற் டிக்கன்ஸின் நண்பர். 1865இல் முடிந்த ‘அவர் மியூச்சுவல் ஃபிரென்ட்’ நாவலை டிக்கன்ஸ் அவருக்குத்தான் சமர்ப்பித்தார். இந்தச் செய்தியை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

அந்த நாவலில் பெற்றி ஹிக்டன் என்றொரு கிழவி வருகிறாள். ஏழைகளை அடைக்கும் ‘வேர்க்ஹவுஸ்’ என்றால் அவளுக்குச் சாவைவிடப் பயம். தன் சவஅடக்கச் செலவுக்கான காசைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு, தருமத்தின் கையில் அகப்படாமல் ஊரூராக ஓடுகிறாள். 1834இன் ஏழைகள் சட்டம் கடுமையாக்கிய இந்தத் தரும நிலையத்தை டிக்கன்ஸ் ‘ஒலிவர் ருவிஸ்ற்’ நாவலிலேயே சாடியவர். கால் நூற்றாண்டு கழித்தும் கோபம் தணியவில்லை. மாதம் ஒரு ஷில்லிங்குக்கு விற்ற பகுதிகளாக அவருடைய நாவல்கள் பல நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைக்குள் போயின. தம் தெருவின் பின்பக்கத்தை அவர்கள் அங்கேதான் பார்த்தார்கள்.

யாழ்ப்பாணத்தின் பின்பக்கத்தை யார் எழுதினார்? செமினரியிலிருந்து சி. வை. தாமோதரம்பிள்ளை வந்தார், கறல் விசுவநாதபிள்ளை வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் அவர்கள். ஏடு பதிப்பித்தவர்கள், அகராதி செய்தவர்கள், கணித நூல் எழுதியவர்கள் வந்தார்கள். படித்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் மேல்சாதியான வெள்ளாளர். 1855இல் செமினரி மூடப்பட்டு, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாகத் திறந்தபோதும் அந்த நிலை சட்டென்று மாறிவிடவில்லை. 1914இல் மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ வந்தது. வீட்டுக்குள் நொறுங்கும் பெண்ணை அது பார்த்தது. வேலிக்கு அப்பால் நின்றவர்களைப் பார்க்க இன்னும் காலம் இருந்தது.

கல்லூரியைக் குறை சொல்லியே போவதும் நியாயமல்ல. ஹன்டி பேரின்பநாயகம் முன்னின்று 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னால் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், இந்தச் சூழலில் பிறந்ததுதான். தீண்டாமையை வெளிப்படையாக எதிர்த்தது. சமஆசனம், சமபோசனம் என்ற சொற்கள் அப்போது ஊரை இரண்டாக்கின. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்ற உத்தரவுக்குப் பதிலாகச் சில பாடசாலைக் கொட்டில்கள் எரிந்தன. இவ்வளவு நடந்தும் இதைப் பற்றிப் பெரிய நாவல் ஒன்று வரவில்லை. இங்கிலிசு தெரிந்தவர் டிக்கன்ஸைப் படித்து லண்டன் ஏழைக்காகக் கண்கலங்கினார். அவருடைய முற்றத்தில் நின்றவர் சிரட்டையில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

மாற்றம் 1950களில் வந்தது, கல்லூரி வாசல் வழியாக அல்ல. சிறுகதை எழுதிய டொமினிக் ஜீவா சலூன் நடத்தியவர். என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ சிறுகதையை இன்று படித்தாலும் சிரிப்பு வரும், பிறகு வெட்கம் வரும். மேடையில் முற்போக்குப் பேசும் பெரிய மனிதர், தன்னைக் காண வந்த தாழ்த்தப்பட்டவர்களை வீட்டுக்குள் கூப்பிடாமல் இருக்க, நிலவு நல்லாய் இருக்கிறதென்று வெளியே கூட்டிப் போகிறார். டிக்கன்ஸின் எந்த மாயக்காரனுக்கும் இவர் குறைந்தவரல்ல. செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயணம்’ 1965இல் அந்த முற்றத்தை நாவலாக விரித்தது. இவர்கள் பேச்சுத் தமிழை அப்படியே எழுதினார்கள் என்பதற்காக ‘இழிசனர் இலக்கியம்’ என்று பண்டிதர்கள் பழித்தார்கள். பழிப்புச் சொல்லிலேயே சாதி இருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை.

இந்த வரிசையில் கே. டானியல் தனியாள். ஆனைக்கோட்டைக்காரர், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, அதிகம் படிக்க வாய்ப்பில்லாமல் தொழிலுக்குப் போனவர். மைச்சாடிப் பெடியனைப் போலவே அவருக்கும் எழுத வேண்டியது தன் உடம்பில் பட்ட விசயம். 1957இலேயே தீண்டாமைக்கு எதிரான சட்டம் இருந்தது. ஆனால் தேத்தண்ணிக் கடையில் ஒரு பகுதிக்கு மூக்குப்பேணி, இன்னொரு பகுதிக்கு வெளியே வைத்துப் போத்தல். 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்தில் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் தொடங்கியது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்களில் டானியலும் ஒருவர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே விடக் கேட்டு மறியல். வட்டுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய சங்கானையிலும், நிச்சாமத்திலும் துப்பாக்கி வெடித்தது. சீனப் புரட்சியை நினைத்து, சங்கானை ஷங்காய் ஆகிறது என்ற பேச்சு அடிபட்ட காலம். இந்த அனுபவத்திலிருந்துதான் 1972இல் அவருடைய ‘பஞ்சமர்’ நாவல் வந்தது. பிறகு ‘கோவிந்தன்’, ‘அடிமைகள்’, ‘கானல்’.

எனக்கு இவற்றில் ‘கானல்’தான் வட்டுக்கோட்டையில் வைத்துப் படிக்கவேண்டிய புத்தகம். கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினால் சாதி விட்டுப்போகும் என்று நம்பிப் போனவர்கள் அங்கேயும் சாதியைக் கண்டுகொள்ளும் கதை. மிஷன் மணி கேட்டு வளர்ந்த ஊர் எதுவும் இந்தத் தலைப்பை இலகுவில் தாண்டிப் போக முடியாது.

டானியலிடம் குறை உண்டு. பாத்திரங்கள் சந்தைக்கூட்டம் போல வந்து குவிகிறார்கள், சில பக்கங்களில் நாவல் நின்று துண்டுப்பிரசுரம் பேசுகிறது. டிக்கன்ஸும் பிரசங்கம் செய்தவர்தான். ஆனால் அவரிடம் சிரிப்பு இருந்தது. இன்னொரு வித்தியாசம் பெரிது. ஒலிவர் கடைசியில் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று தெரியவர, கதை சுபமாகிறது. பிறப்பைத் தெரிந்துகொண்டால் துன்பம் தீரும் என்பது லண்டன் கணக்கு. டானியலின் ஊரில் பிறப்பை எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும், வழக்கே அதுதான். நல்ல மனசுள்ள பணக்காரர் ஒருவர் வந்து காப்பாற்றவும் அங்கே வழியில்லை. அதனால் அவருடைய ஆட்கள் கூட்டம் கூடுகிறார்கள், அடி வாங்குகிறார்கள், திருப்பி அடிக்கிறார்கள்.

பிறகு தெணியான் 1989இல் ‘பொற்சிறையில் வாடும் புனிதர்கள்’ எழுதி, கோயிலை ஆளும் சாதியின் கீழ் அடங்கிக் கிடக்கும் பிராமணக் குடும்பத்தின் வறுமைக்குள் போனார். ஒடுக்கப்பட்ட சமூகத்து எழுத்தாளர் ஐயர் வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்து இரங்கியது ஈழத்து நாவலில் நான் வியக்கும் விசயம்.

டானியல் 1986 மார்ச்சில், சிகிச்சைக்குப் போன இடத்தில், தஞ்சாவூரில் காலமானார். ஊர்க் கிணறுகளைப் பற்றிய ‘தண்ணீர்’ அதன் பின்னர்தான் அச்சில் வந்தது. டிக்கன்ஸுக்கு வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தில் இடம் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்து முற்றங்களை ஒவ்வொன்றாக எழுதிய மனிதரின் கல்லறை கடலுக்கு அந்தப் பக்கம், தஞ்சாவூரில் இருக்கிறது.