சாறாக இறங்கிய புகையிலை

வேப் (மின்சிகரெட்) கடையில் 'புகையிலை' என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கும் குப்பிகளில் பெரும்பாலானவற்றில் புகையிலை இலையின் சுவடே இருக்காது. பாகு மணத்துக்கு எதைல் மால்டால், வறுத்த மணத்துக்கு அசிட்டைல் பைரசீன், மேலே கொஞ்சம் வெனிலின். முதல் நாள் இதமாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் திகட்டிவிடும்.

இன்னொரு வகை உண்டு. பாடம் செய்த நிஜ இலையை நறுக்கி, புரொப்பிலீன் கிளைக்காலில் வாரக்கணக்கில் ஊறவைத்து, சாறு இறங்கியதும் வடிகட்டி, கிளிசரினும் நிகோடினும் சேர்த்துக் குப்பியில் அடைப்பது. இத்தாலியில் இதைப் பெரும் ஈடுபாட்டோடு செய்கிறார்கள். நான் ரசித்துப் பேச வந்தது இந்தச் சாற்றை.

அதற்குமுன் சொல்லியாக வேண்டியவை சில. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் பிரிட்டன், இத்தாலி போலச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளுக்கு மட்டும் பொருந்தும். அங்கேயும் இது சிகரெட்டை விட்டு வந்த பெரியவர்களுக்கான பொருள். நிகோடின் ஆளைப் பிடித்துக்கொள்ளும். புகைக்காதவர் இதைத் தொடவே வேண்டாம். இலையிலிருந்து மணம் இறங்கும்போது புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்களும் சிறிதளவு கூட இறங்கும். 'இயற்கை' என்ற சொல்லைப் பார்த்து அதைத் தீங்கற்றது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

சிகரெட்டிலிருந்து வருகிறவர்கள் முதலில் ஏமாறுவது ஓர் எதிர்பார்ப்பினால். இத்தனை வருடம் நாக்கு அறிந்திருந்தது எரிந்த இலையை. வேப்பில் எதுவும் எரிவதில்லை. 'காயில்' எனப்படும் கம்பிச்சுருளின் சூட்டில் திரவம் ஆவியாகிறது, அவ்வளவுதான். அதனால் 'என் சிகரெட் போலவே இருக்குமா?' என்று கேட்டு வாங்கினால் எந்தக் குப்பியும் தேறாது. எரியாத இலையின் சுவை, அதாவது பாடம் செய்தவன் கைப்பட்டு இலைக்கு வந்த சுவை, இதில்தான் முழுதாக வெளிப்படுகிறது. அதனால் குப்பியின் பெயரைப் பார்க்காதீர்கள். என்ன இலை, அதைத் தொட்டது காற்றா, வெயிலா, நெருப்பா என்று பாருங்கள். நல்ல தயாரிப்பாளர் இதைச் சீட்டிலேயே போட்டிருப்பார். போடாதவரிடம் நான் வாங்குவதில்லை.

வெர்ஜீனியா இலையில் தொடங்கலாம். 1839இல் வட கரோலினாவின் காஸ்வெல் வட்டாரத்தில், ஸ்டீபன் ஸ்லேட் என்ற அடிமைத் தொழிலாளி, இலை உலர்த்தும் கொட்டகையில் அணையப்போன நெருப்பை உயிர்ப்பிக்கக் கரியை அள்ளிப் போட்டார். திடீரென ஏறிய சூட்டில் இலைகள் பொன்மஞ்சளாகிவிட்டன. பிறகு குழாய் வழியே வெப்பத்தை மட்டும் அனுப்பி, புகை படாமல் உலர்த்தும் முறை அதிலிருந்து வளர்ந்தது. இலையின் சர்க்கரை அப்படியே தங்கிவிடுவதால் சாற்றில் உலர்ந்த வைக்கோல், தேன், லேசான எலுமிச்சைத் தோல். பர்லி இதற்கு நேரெதிர்: காற்றில் தொங்கி மெல்ல உலர்வதால் சர்க்கரை ஏறக்குறையத் தீர்ந்துபோய், கொக்கோவும் கொட்டைப் பருப்பும் மிஞ்சும். துருக்கி, கிரேக்கச் சிற்றிலைகள் வெயிலில் காய்ந்தவை. பூ மணமும் மெல்லிய புளிப்பும் தருபவை. தனியாக நிற்பதைவிட மற்ற இலைகளுக்குத் துணையாக அழகு.

புகை வேண்டும் என்பவருக்கு நெருப்பு தொட்ட இலைதான் கதி. கென்டக்கியின் மேற்குப் பகுதியில், கொட்டகைத் தரையில் மரக்கட்டைகளை மரத்தூள் மூடிப் புகையவிட்டு இலையைப் பாடம் செய்கிறார்கள். அந்தப் புகை இலைக்குள்ளேயே ஏறிவிடுவதால், எரிக்காமல் சாறெடுத்தாலும் அது வருகிறது. இத்தாலியின் டஸ்கனிச் சுருட்டு இந்தக் கென்டக்கி ரக இலையால் ஆனது. 1815இல் ஃபிளாரன்ஸில் மழையில் நனைந்து புளித்துப்போன இலைப்பொதிகளிலிருந்து பிறந்தது என்று அதன் கதையைச் சொல்வார்கள். சாற்றில் தோலும் ஈர மண்ணும் அடுப்புக்கரியும் கலந்த, கறாரான சுவை. காரம் தேடுகிறவருக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன்.

லட்டாக்கியா இன்னும் ஒரு படி மேல். சிரியத் துறைமுகத்தின் பெயர் தாங்கியது. இன்று வருவது சைப்ரஸ் இலை. மாஸ்டிக், மிர்ட்டில், பைன் முதலான மரம் செடிகளின் புகையில் பல வாரம் தொங்கிக் கறுத்தது. மகத்தான இலை, ஆனால் வலியது. கலவையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கூட இருக்கும் இலையை விழுங்கிவிடும். 'முழு லட்டாக்கியா' என்று பெருமையாக விற்கும் குப்பிகள் எனக்கு ஏற்பில்லை.

எனக்குப் பெரிக்தான் எல்லாவற்றுக்கும் மேல். லூசியானாவில், மிசிசிப்பிக் கரையில், செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்துச் சிறு நிலப்பரப்பில் விளைவது. சொக்டா, சிக்கசா பழங்குடியினரின் முறையை 1824இல் பியேர் ஷெனே என்ற விவசாயி தொழிலாக்கினார் என்பது அவ்வூர் மரபு. அரைகுறையாக உலர்ந்த இலையின் நரம்பை உருவி, ஈரம் காட்டி, முறுக்கிக் கட்டி, விஸ்கி இருந்த ஓக் பீப்பாயில் திணித்து, திருகு அழுத்தியால் இறுக்குவார்கள். இலை தன் சாற்றிலேயே மூழ்கும். காற்று புக வழியில்லை. இடையிடையே பீப்பாயைத் திறந்து, கட்டுகளை வெளியே எடுத்துக் காற்றாடவிட்டு, திருப்பி அடுக்கி, மறுபடி அழுத்துவார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் இப்படியே போகும். வெளியே வரும் இலை ஏறக்குறையக் கறுப்பு. அதில் காடி, காய்ந்த அத்தி, மிளகு மூன்றும் இருக்கும். எரித்தால் மிளகு முந்திக்கொள்ளும். சாற்றில் அத்தி முன்னால் வந்து, மிளகு தொண்டையில் கடைசியாக எட்டிப்பார்க்கும். வெர்ஜீனியாவின் தேனோடு இது சேரும்போது கிடைக்கும் நிறைவை வேறெந்தக் கூட்டிலும் நான் கண்டதில்லை.

கையில் வந்த குப்பியைச் சோதிக்க ஒரு வழி. வெளிச்சத்தில் பிடித்தால் பால் சேர்க்காத தேநீரின் நிறம் தெரிய வேண்டும். ஒரு துளியைக் காகிதத் துண்டில் விட்டு அரை மணி நேரம் கழித்து முகருங்கள். செயற்கை மணக் கலவை தொடங்கிய இடத்திலேயே நிற்கும். இலைச்சாறு நகரும்: பெரிக் என்றால் காடி வாசனை பறந்து, அத்தி தெரிந்து, கடைசியில் மரம் தங்கும். வடிகட்டுவதிலும் ஒரு பேரம் இருக்கிறது. மிக நுண்ணிய சவ்வில் வடித்தால் சாறு தெளியும், காயில் நீடிக்கும். சுவையின் கனம் போய்விடும். நான் கொஞ்சம் மங்கலான பழுப்பையே எடுப்பேன்.

அதற்குத் தரும் விலை காயில்தான். இலையின் சர்க்கரையும் மெழுகும் கம்பியில் கருகிப் பிடிக்கும். பழக் கலவையில் வாரங்கள் ஓடும் காயில் இதில் சில நாளில், பஞ்சு நடுவில் கறுத்து, கரிப்பொருக்கோடு வெளியே வரும். அதனால் பெரிய வாட் கருவிகள் இதற்கு ஆகாது. ஒரு ஓம் அளவுள்ள காயில், பத்துப் பன்னிரண்டு வாட், சிகரெட் இழுப்பது போன்ற குறுகிய இழுப்பு போதும். பிரிட்டனில் நிகோடின் கலந்த குப்பி 10 மில்லிக்கு மேல் கிடையாது. நிகோடின் மில்லிக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மெதுவாக இழுத்து ரசிக்கும் பண்டத்துக்குச் சிறிய குப்பியே தோது.

புதிதாக வருகிறவர் வெர்ஜீனியாவும் பெரிக்கும் சேர்ந்த குப்பி ஒன்று, பர்லி ஒன்று என்று இரண்டோடு தொடங்கலாம். வாங்கியதும் திறந்துவிடாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாத இருட்டான இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். காடி அடங்கிச் சாறு இணங்கி வரும். கென்டக்கி அடுத்தது. லட்டாக்கியாவை எடுக்கும்போது அதற்கென்று தனி டேங்க் ஒதுக்கிவிடுங்கள். டேங்கின் ரப்பர் வளையத்தில் ஏறிய அந்தப் புகை வாசனை எத்தனை முறை கழுவினாலும் போகாது.