மனைவியாக இல்லாத மிஸ்ஸி

ஏ. பீம்சிங்கின் ‘பாலும் பழமும்’ (1961) படத்தைப் போன வாரம் பங்சாரில் ஒரு நண்பர் வீட்டில் திரும்பப் பார்த்தோம். டாக்டராக வரும் சிவாஜி பார்வை இழந்து நொறுங்கிக் கிடக்கிறார். அவரைக் கவனிக்க வரும் தாதி சரோஜாதேவி, இறந்துவிட்டதாக அவர் நம்பும் மனைவியேதான். இன்றைக்கும் அழ வைக்கிற படம்.

சிக்கலும் அங்கேதான். நோயாளியின் மனத்தை ஆற்றுவதைப் படம் பத்தினியின் தியாகமாக்கிவிடுகிறது. மனைவியாக இல்லாத ஒரு மிஸ்ஸி அதே கட்டிலருகே என்ன செய்வார்? அதற்குப் படத்தில் இடமில்லை.

நமக்கு அது அவசரமான கேள்வி. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய 309ஆவது பிரிவை மலேசிய நாடாளுமன்றம் 2023இல்தான் நீக்கியது. அதுவரை, பிழைத்து வார்டில் கண் விழித்தவருக்கு ஓராண்டு வரை சிறை காத்திருக்கலாம். சட்டம் போனதும், ‘ஏம்மா இப்படிச் செஞ்ச, குடும்பத்த நினைச்சியா?’ என்ற அதட்டல் கூடவே போய்விடாது.

பக்கத்தில் உட்கார்வது, தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது, ‘சாகணும்னு இப்பவும் தோணுதா?’ என்று நேராகவே விசாரிப்பது, எல்லாம் கற்றுக்கொள்ளும் வேலைகள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆனால் கேட்கப் பயிற்சி வேண்டும், நேரம் வேண்டும், வார்டில் ஆள் வேண்டும். தியாகம் என்று கும்பிட்டுவிட்டால் இவை எதையும் கொடுக்க வேண்டியதில்லை.

நம் கதைகளில் தாதி தேவதையாக வந்தது போதும். இரவு வேலையில், கால் வலியோடு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் மிஸ்ஸியை யாராவது எழுதுங்கள்.