பெட்டியடியும் முதல் நாவலும்

உழைத்த இடத்தை எழுதுவது எளிது என்றோர் எண்ணம் புதிதாய் எழுத வருவோரிடையே உண்டு. ஒரு தொழிலில் பத்தாண்டு கிடந்தவனுக்கு அதன் சொல்லும் சூழ்ச்சியும் தெரியும்; தெரிந்ததை வரிசையாக எழுதிவிட்டால் நாவல் பிறந்துவிடும் என்பது அவ்வெண்ணத்தின் அடிப்படை. ஆனால், ஒன்றைத் தெரிந்திருத்தல் வேறு. அதன் பொருளை உணர்ந்து கூறுதல் வேறு. தொழிலின் விவரங்கள் நாவலுக்குச் செங்கற்கள். அடுக்கப்பட்ட செங்கற்கள் எல்லாம் வீடாகிவிடுவதில்லை.

சித்தியவான் போன்ற ஊர்களில் இக்கருத்து இன்று புதிய முக்கியத்துவம் பெறுகிறது. ஒரு காலத்தில் இவ்வட்டாரத் தமிழரின் வாழ்வு ரப்பர் மரத்தோடும் லயத்தோடும் கட்டுண்டு கிடந்தது. பின்னர் ரப்பர்க் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்தன. 1972 முதல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் பகுதியில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகள் தோட்டத்துப் பிள்ளைகளை ஈர்த்தன. 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கப்பட்ட பின், படித்தவர்களின் பார்வை சைபர்ஜெயா பக்கம் திரும்பியது. மலேசியத் தமிழ் நாவலோ பால்மரத்தை அறிந்த அளவுக்கு இவ்வலுவலகங்களை அறிந்துகொள்ளவில்லை. கடன் வாங்கித் தொடங்கிய சிறு கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் இளமையைச் செலவிட்டு வெளியேறும் ஒருவன், அவ்வனுபவத்தை முதல் நாவலாக்க விரும்பினால், அவனுக்கு வழிகாட்டும் நூல் எது?

கணிப்பொறி வருவதற்கு நெடுநாள் முன்பே அத்தகைய நாவல் ஒன்று தமிழில் தோன்றிவிட்டது. அது ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம், 1938இல், பதினெட்டு வயதில், சுமத்திராவின் மேடான் நகரத்துக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். போரையும் ஜப்பானியர் ஆட்சியையும் கண்டு 1946இல் தாயகம் திரும்பினார். பின்னர் மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் நாற்பதாண்டுகள் பணியாற்றினார். அவருடைய இந்த முதல் நாவல், கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று.

அக்காலத்து வட்டிக்கடையின் அமைப்பைச் சற்று நோக்குதல் வேண்டும். 'கொண்டுவிற்க'ச் சென்றவர்களின் கடைகளில் பையன் பெட்டியடியாய்ச் சேருவான். முதலாளியின் பெட்டிக்கு அருகில் தரையில் அமர்ந்து எழுத்தும் கணக்கும் பழகுவான். நாளடைவில் அடுத்தாளாவான்; திறமை இருந்தால் மேலாளும் ஆவான். உழைப்பதும் உண்பதும் உறங்குவதும் பெரும்பாலும் ஒரே கிட்டங்கியில்தான். மூன்றாண்டுக் கணக்கு முடிந்தால் ஊர்ப்பயணம். கைக்கு வரும் சம்பளத்தைக் காட்டிலும், என்றோ ஒரு நாள் தானும் கடை வைக்கலாம் என்னும் நம்பிக்கையே அவனைக் கட்டி நிறுத்தியது. இன்றைய இளம் நிறுவனங்கள் குறைந்த ஊதியத்தோடு பங்குரிமையையும் காட்டி இளைஞர்களை இரவு பகலாக இருத்திவைக்கும் முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படையானது. இரண்டிடத்தும் நிகழ்காலம் எதிர்காலத்திற்கு ஈடாக வைக்கப்படுகிறது.

சிங்காரத்தின் சிறப்பு இவ்வமைப்பைத் தகவலாகச் சொல்லி நிறுத்திவிடாததில் உள்ளது. கதைநாயகன் செல்லையா, பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையின் கடையில் வளர்ந்தவன். முதலாளி மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். இடையில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி ஏந்துகிறான். போர் முடிந்து அவன் திரும்பிவரும்போது பிள்ளை மறுத்துவிடுகிறார். படையில் பழகியவன் பெட்டியடிக்கு ஆகான் என்பது அவர் துணிபு. மரகதத்திற்கு வேறு மாப்பிள்ளை பார்க்கப்படுகிறது.

இம்மறுப்பைக் கொடுமைக்காரத் தந்தையின் பிடிவாதம் என்று மட்டும் கொண்டால் நாவல் சுருங்கிப்போகும். வட்டிக்கடையில் பணத்தைவிடப் பெரிய முதல் நம்பிக்கை. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டு 1945இல் ஒரே நாளில் வெற்றுத்தாளான நாடு இது. அரசுகள் மாறின, நாணயங்கள் மாறின, கடைக்காரனின் சொல்லும் நிதானமும் மட்டுமே எஞ்சின. உயிரைப் பணயம் வைக்கத் துணிந்தவன் நாளை முதலையும் பணயம் வைப்பான் என்று அஞ்சுவது பிள்ளையின் தொழிலறிவு. கடையின் கணக்கு முறையே திருமணத்தையும் தீர்மானிக்கிறது. செல்லையா எதிர்பார்த்த பங்கு மரகதம். அப்பங்கு அவன் பெயரில் வரவு வைக்கப்படவில்லை. தொழிலின் விதி வாழ்க்கையின் விதியாக மாறும் இவ்விடத்தில்தான் பணியனுபவம் நாவலாகிறது.

இதற்குத் தூரமும் துணை செய்தது. சிங்காரம் வேலை பார்த்த ஊர் மேடான்; கதையின் களமோ நீரிணைக்கு இப்பாலுள்ள பினாங்கு. கடையை விட்டு விலகிய பின், வேறொரு தொழிலில் இருந்துகொண்டு அவர் இதனை எழுதினார். சொந்தக் குறை சொல்லவோ பழைய முதலாளியைப் பழிவாங்கவோ அவர் பேனா எடுத்ததாகத் தோன்றவில்லை. பிள்ளையின் பக்கத்து நியாயத்தையும் முழுமையாகக் கேட்க முடிந்தமைக்கு அவ்விலக்கமே காரணம் எனலாம்.

கணிப்பொறித் துறை தமிழ்நாட்டில் பெருகிய பின், அத்துறை சார்ந்தோரின் நாவல்களும் வந்தன. இரா. முருகனின் 'மூன்று விரல்' மென்பொருள் வல்லுநனின் அலைச்சலைச் சொல்கிறது. விநாயக முருகன், மென்பொருள் துறையில் இருந்தவாறே எழுதி 2013இல் வெளியிட்ட முதல் நாவல் 'ராஜீவ்காந்தி சாலை'. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை 2008இல் பெற்ற புதுப்பெயரே நூலின் தலைப்பு. கண்ணாடிக் கட்டடங்களுக்குள் இருப்போரோடு, அவை எழுவதற்காக நிலத்தை விற்றுவிட்டு நின்றோரையும் அது கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. இது போற்றத்தக்கது. ஆயினும் அவலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் விரைந்து வருவதால், எந்த ஒன்றின் முன்னும் வாசகன் நின்று நிதானிக்க இயலவில்லை. நிகழ்ச்சி மிகுந்து விதி மறைந்துவிடுகிறது. நெருப்பருகே நின்று எழுதுபவனுக்கு வெப்பம் தெரியும். எரிவது எது எனக் காணச் சற்று விலக வேண்டும்.

'கடலுக்கு அப்பால்' குறையற்ற நூலன்று. கடையின் உட்புறம் துலங்கும் அளவுக்கு, அங்கே கடன் வாங்கியவர்களின் வாழ்வு துலங்கவில்லை. பேரேட்டில் தொகையாய் நிற்கும் அவர்கள் கதையிலும் பெரிதும் அவ்வாறே நின்றுவிடுகின்றனர். மரகதத்தின் துயரம் கூறப்படுகிறது. அவள் தீர்ப்பு கேட்கப்படவில்லை. கடைப்பையன் அமர்ந்த இடத்திலிருந்து தெரிந்தவை மட்டுமே தெளிவாக வந்துள்ளன. உள்ளிருந்து எழுதுபவனின் பலமும் எல்லையும் இதுவே.

தோட்ட வாழ்வை, தமிழகத்திலிருந்து வந்து பார்த்துச் சென்ற அகிலன் 'பால்மரக்காட்டினிலே' என நாவலாக்கினார். விருந்தினரின் பரிவு அதில் உண்டு. மரத்தைச் சீவிய கை எழுதும்போது வரும் உறுதி வேறு. அவ்வாறே கணிப்பொறி அலுவலகத்தையும் வெளியிலிருந்து வந்து யாரோ ஒருவர் எழுதட்டும் எனக் காத்திருத்தல் தகாது. சித்தியவான் தோட்டத்துப் பேரன் ஒருவன் அதை எழுதட்டும். ஆனால் இயந்திரங்களின் பெயர்களையும் இரவுவேலைக் களைப்பையும் அடுக்குவதோடு அவன் அமைதியடையலாகாது. அந்நிறுவனம் எதை நம்பிக்கை என்றது, எதை இழப்பு என்று எழுதித் தள்ளியது, அதன் கணக்கு அவன் வீட்டு வாசலுக்குள் எப்போது நுழைந்தது என்பதை அவன் காணவேண்டும். பாட்டனின் பெயர் இருந்த துண்டுச் சீட்டையும் தன் பெயர் இருந்த பங்குப் பத்திரத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் துணிவு அவனுக்கு வாய்க்குமானால், பேராக் மாநிலத்தின் அடுத்த நல்ல நாவல் அங்கிருந்து தொடங்கும்.