செவுள் இழையும் கடிக்கும் ஈயும்

மேற்கு மலேசியாவின் கரிய ஈக்களைப் பற்றித் தகாவோகா, டேவிஸ் இருவரும் 1995-இல் வெளியிட்ட நூல், சிமூலியம் என்னும் பேரினத்தை ஆய்வோர்க்கு இன்றியமையாதது. ஓடுநீரில் வாழும் கூட்டுப்புழுவின் செவுள் இழைகள் எத்தனை, அவை எவ்வாறு கிளைக்கின்றன என்பதும், ஆண் ஈயின் இனவுறுப்பு வடிவமுமே சிற்றினங்களைப் பிரிக்கப் பெரிதும் உதவுகின்றன.

முறை நுட்பமானதே, ஆயினும் குறையொன்று உண்டு. குருதி உறிஞ்சுவது பெண் ஈ மட்டுமே. நெருங்கிய சிற்றினங்களின் பெண் ஈக்களோ பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும். பேராக் மாநிலத்துத் தாப்பா மலையோடையருகே தம்மைக் கடித்தது எவ்வினம் என்று கேட்பவர், நீரில் இறங்கிக் கூட்டுப்புழுவைத் தேட வேண்டியவராகிறார்.

மரபணு ஆய்வு இக்குறையை இன்று ஓரளவு நீக்குகின்றது. எனினும், அம்மரபணு எந்தச் சிற்றினத்துக்குரியது என்று சொல்ல, செவுள் இழையை எண்ணியவர்களின் நூலே வேண்டும்.