கையெழுத்தும் அமானிதமும்

கையெழுத்து மோசமென்றால் தலையெழுத்து நல்லாயிருக்கும் என்று நம் வீடுகளில் பிள்ளைகளைத் தேற்றுவதுண்டு. பிள்ளைகளுக்கு அது சரி. விவாகப் பதிவுக்காரருக்கும் காதியாருக்கும் பள்ளிவாசல் செயலாளருக்கும் அது சரிவராது. அவர்களுடைய கையெழுத்து மோசமானால் கெடுவது மற்றவர்களின் தலையெழுத்து.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. ஆகவே அந்தப் பதிவேட்டில் அவளுக்காகப் பேசுவது பதிவுக்காரரின் எழுத்துத்தான். மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் கிடக்கிறது. 1ஆ 7ஆ என்று விளங்காத ஓர் இலக்கம், பத்து வருஷம் கழித்துக் காதி நீதிமன்றத்தில் அவளுடைய உரிமையையே கேள்வியாக்கிவிடும். அங்கே கிடைத்த தீர்ப்பில் திருப்தியில்லையென்றால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அந்தச் சபையின் முன்னால் இருப்பது காதியார் எழுதிவைத்த வழக்குக் குறிப்பு. அது கோழி கிண்டின மாதிரி இருந்தால், கீழே அவள் சொன்னது மேலே போய்ச் சேராது.

நான் எழுத்தின் வடிவத்தை மட்டும் சொல்லவில்லை. வசனமும் கெட்டுப்போய்த்தான் இருக்கிறது. பள்ளிவாசல் கூட்டறிக்கைகளை எடுத்து வாசித்துப் பாருங்கள். 'தீர்மானிக்கப்பட்டது', 'ஒத்திவைக்கப்பட்டது', 'கவனத்திற் கொள்ளப்பட்டது'. யார் தீர்மானித்தார்? யார் மறுத்தார்? எந்தத் திகதிக்குள் யார் செய்து முடிப்பார்? ஒன்றுமில்லை. செய்தவரை ஒளித்துவைக்க இதைவிட வசதியான வசனம் தமிழில் கிடையாது. வக்பு காணியொன்றின் வாடகையைப் பற்றி இப்படி எழுதிவைத்தால், அடுத்த நிருவாகம் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது?

கம்பியூட்டர் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்பார்கள். பழைய கடிதத்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுவது வழக்கமாகிவிட்டது. சிலவேளை அதையும் மாற்றுவதில்லை. பாமினியில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குறிகள்தான் தெரியும். முக்கியமான முடிவுகள் வாட்ஸ்அப் குரல்பதிவிலேயே முடிந்துவிடுகின்றன. போன் மாறினால் அதுவும் போச்சு.

முழுப் பழியையும் எழுதுபவர் தலையில் போடுவது நியாயமில்லை. காதிமாருக்குக் கிடைப்பது சிறு கொடுப்பனவு. பலருக்கு ஒழுங்கான அலுவலகமோ எழுதுவினைஞரோ இல்லை. என்றாலும், வசதிக்குறைவு கவனக்குறைவுக்கு அனுமதிப்பத்திரம் ஆகாது.

எழுத்தைப் பேணுவது நமக்குப் புதிதுமல்ல. அறபுத்தமிழில் எழுதிய நம் முன்னோருக்கு ஒரு புள்ளியின் பெறுமதி தெரியும். கீழே ஒரு புள்ளியென்றால் 'பே', மேலே இரண்டென்றால் 'தே'. தமிழ் ஒலிகளுக்காக அறபு எழுத்துகளில் குறிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளையே அவர்கள் ஆக்கிக்கொண்டார்கள்.

குர்ஆனில் ஆக நீளமான வசனம் சூறத்துல் பகறாவின் 282ஆவது. அது கடனை எழுதிவைப்பது பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்று அது பணிக்கிறது. பிறர் வாசிக்கும்படி எழுதுவதும் அந்த நீதிக்குள் அடங்கும் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பதிவேட்டை மூடுமுன் எழுதியதை மணமகனுக்கும் மணமகளுக்கும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் போடுங்கள். கூட்டறிக்கையில் பொறுப்பெடுத்தவரின் பெயரையும் திகதியையும் குறியுங்கள். இதற்குக் காசு வேண்டாம், ஐந்து நிமிஷம் போதும்.